ஒரே ஆள்

மூதூர் லாஞ்சில் துண்டு கிழித்த என் அப்பா
திங்கட்கிழமை இரவு எட்டேகாலுக்கு
சப்பாத்தைக் கழற்றாமல் வானொலிக்கு முன்னால் இருப்பார்.
நாடகத்தில் ஒருத்தி.
துறைமுக வாயிலில் விளக்கேற்றி
ஒரு கப்பலுக்காக
முப்பத்தொரு வாரம் நின்றாள்.
முப்பத்திரண்டாம் வாரம் நான் பிறந்தேன்.

கப்பல்காத்தாள் என்றார் பதிவுகாரரிடம்.
சேர்த்து எழுதச் சொல்லவும் மறக்கவில்லை.
அம்மா ஆசுபத்திரிக் கட்டிலில் கிடந்து
சுகந்தினி, சுகந்தினி என்று இரண்டு தரம் சொன்னது
எந்தப் படிவத்திலும் இல்லை.

பதிவுகாரர் நடுவில் மூச்சு வாங்கியிருக்கிறார்.
கப்பல். ஓர் இடைவெளி. காத்தாள்.
ஒரு விரல் அகலம் கூட வராது அது.
அதற்குள் நின்றுதான்
இத்தனை வரிசைகளில் கால் கடுத்தேன்.

பள்ளிக்கூட இடாப்பில் நான் க. காத்தாள்.
சோதனை அட்டை
சிங்களத்துக்குப் போய்த் தமிழுக்குத் திரும்பியபோது
காத்தான் ஆகி வந்தேன்.
ஆண் என்று வேறு அடித்திருந்தார்கள்.
மண்டபத்தில் மேற்பார்வையாளர் பின்னலைப் பார்த்தார்,
அட்டையைப் பார்த்தார்,
மறுபடி பின்னலைப் பார்த்தார்.

வங்கிப் படிவத்தில் பன்னிரண்டு பெட்டி.
ஆங்கிலத்தில் என் பெயர் பதினான்கு எழுத்து.
கப்பல்காத்த் என்று நின்றது,
தும்மலுக்கு முந்திய முகம் போல.

அடையாள அட்டையில் மட்டும் சுருக்கம்: கப்பல்.
சோதனைச் சாவடியில் ஒருவன் சத்தமாய் வாசித்து
உட்துறைமுகத்தைக் காட்டிச் சிரித்தான்.
நானும் சிரித்தேன். அந்த நாட்களில்
சிரித்தால் கெதியாய் விடுவார்கள்.

சமாதான நீதவான் குலவீரசிங்கத்தாருக்கு
என்னால் ஒரு தனி வருமானம்.
மேற்படி கப்பலும் காத்தாளும் காத்தானும் கப்பல்காத்த்தும்
ஒரே ஆள் எனச் சத்தியம் செய்து...
முத்திரையை ஊதிக் காயவைத்துவிட்டு
ஐந்தாவதாய் ஒண்டைக் கொண்டு வந்திடாத பிள்ளை என்பார்.

கடவுச்சீட்டு எடுக்கப் போனால்
எல்லாவற்றையும் ஒன்றாக்கு என்றார்கள்.
கச்சேரியில் புதுக் கிளாக்கர் மாதங்கி,
என்னிலும் இளையவள்,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.
'காத்தாள் எண்டால் காவலா, காத்திருப்பா?'
தெரியாது என்றேன்.
'இப்பிடி ஒரு பேர் இருந்ததெண்டு காட்ட
ஏதும் இருக்கா அக்கா?'

வானொலிக்கு எழுதினேன்.
நாலு மாதம் கழித்துப் பதில்:
குறித்த ஒலிநாடாவில் பின்னர்
வெங்காயச் செய்கை பற்றிய உரை பதியப்பட்டுள்ளது.
பிரதி இல்லை. எழுதியவர் விலாசம் இல்லை.
தங்கள் ஆர்வத்துக்கு நன்றி.

ஆக, பிறக்கவே பிறக்காத அவளுக்கு
மிஞ்சியிருக்கும் ஒரே பத்திரம்
என் பிறப்புப் பத்திரம்.
அதுவும் நடுவில் உடைந்தது.

கச்சேரியால் வரும் வழியில்
பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் மான்கள்.
தேத்தண்ணி குடித்துத் திரும்புவதற்குள்
சைக்கிள் கூடைக்குள் தலையை விட்டு
ஒரு கலைமான் சத்தியக் கடதாசியைச் சப்பிக்கொண்டிருந்தது.
பிடுங்கினேன்.
கையில் வந்தது: ஒரே ஆ.

நாடகம் முடிந்த திங்களன்று
எங்கள் தெருவில் கரண்ட் இல்லை.
கப்பல் வந்திருக்கும் என்றே நம்பி
அப்பா கடைசிவரை துண்டு கிழித்தார்.
அம்மா மட்டும் பக்கத்து வீட்டுப் பற்றரி வானொலியில் கேட்டாள்,
நாற்பது நாள் என்னை மடியில் போட்டுக்கொண்டு.
அப்பாவுக்கு அவள் சொல்லவே இல்லை.

சூடை மீன் கழுவுகிறாள். கேட்கிறேன்:
என்னம்மா முடிவு? வந்ததா?
செதிள் ஒட்டிய கையால் கொசுவை விரட்டி
'முதல்ல உன்ர பேரைத் திருத்திக்கொண்டு வா,
சொல்றன்.'

நாளைக்கு இலக்கம் கொடுப்பது ஏழரைக்கு.
ஆறு பிரதி எடுத்து, பொலித்தீனில் சுற்றி,
பையின் அடியில் வைக்கிறேன்.
மழைக்கோலம் தெரியுது,
குடையை விட்டிட்டுப் போகாத
சுகந்தினி
என்கிறாள்.